தொலைபேசிக் கம்பியில் வளர்ந்த லினக்ஸ்

ஒரு காலத்தில் இணையத்துக்குப் போக மொடம் தொலைபேசி இலக்கமொன்றை டயல் செய்ய வேண்டியிருந்தது என்றால் நம் மாணவர்கள் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்லும் கதை இது.

1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், வீட்டிலிருந்தே மொடம் வழியாகப் பல்கலைக்கழகக் கணினியோடு தொடர்புகொள்ள ஒரு மென்பொருள் எழுதினார். அதுவே வளர்ந்து லினக்ஸ் ஆனது. ஒருநாள் மொடத்துக்குப் போக வேண்டிய டயல் கட்டளையைத் தவறுதலாக வன்தட்டுக்கு அனுப்பிவிட்டார். அதிலிருந்த மினிக்ஸ் பணிசெயல் முறைமை பழுதானது. அதை மீண்டும் நிறுவாமல், தன் லினக்ஸையே நம்பினார்.

ஆனால் 90களின் இறுதியில் அதே லினக்ஸில் மொடம் பொருத்துவது பெரும்பாடானது. ஏன்?

கணினிக்கு வெளியே சீரியல் வயரில் கொழுவும் மொடத்துக்கு, ‘ஏடிடிடி’ என்ற எழுத்துகளோடு இலக்கத்தை அனுப்பினால் போதும், டயல் செய்யும். பிறகு விலை குறைந்த ‘வின்மொடம்’ அட்டைகள் வந்தன. அவற்றின் வேலையில் பெரும்பகுதியைச் செய்தது விண்டோஸ் மென்பொருள். அது இயங்கும் விதத்தைப் பல நிறுவனங்கள் வெளியிடவில்லை. அட்டை கணினிக்குள் இருந்தும் லினக்ஸால் அதை இயக்க முடியவில்லை. பின்னர் ஆர்வலர்கள் கூடி உழைத்ததால் சில வகைகள் இயங்கின.

தெரிந்ததை ஒளித்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் பயனில்லை. பாடக்குறிப்பையும் மாதிரி வினாத்தாளையும் பூட்டி வைக்கும் நாமும் இதை யோசிக்க வேண்டும்.