ஆதியாகமமும் அறிவியலும்: மதுரை வட்டாரத்தில் ஒரு விவாதம் வளர்ந்த வழி

பைபிளின் படைப்பு வரலாறு அறிவியலோடு ஒத்துப்போகிறதா என்ற கேள்வியை ஐரோப்பாவில் நிலவியலாளர்கள் எழுப்பினார்கள். திருச்சபை பதில் சொல்ல நேர்ந்தது. மதுரைப் பக்கம் கதை வேறு. இங்கே அறிவியலை முதலில் விவாத மேடைக்குக் கொண்டுவந்தவர்கள் பாதிரிமார்கள். புராணங்களின் பூகோளத்தை மறுக்க அவர்கள் கொண்டுவந்த அளவுகோல், சில பத்தாண்டுகளில் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தையும் அளக்கத் தொடங்கியது.

அமெரிக்கன் மதுரை மிஷனின் வேர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் அமெரிக்க மிஷனரி டேனியல் பூவர் வானியலுக்குத் தனி இடம் கொடுத்தார். 1829 மார்ச்சில் ஒரு சந்திரகிரகணம். அராலிப் பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியார் குறித்திருந்த நேரமும் பூவரின் கணக்கும் சில நிமிடங்கள் வேறுபட்டன. கிரகணத்தன்று கடிகாரம் வைத்துப் பார்த்ததில் தம் கணக்கே சரியென்று பூவர் நிறுவினார். அந்தச் சில நிமிடங்களை வைத்து, சோதிடரின் அதிகாரம் முழுவதையும் மிஷனரிகள் கேள்விக்குள்ளாக்கினார்கள். இதில் ஒரு அநியாயம் உண்டு. சாஸ்திரியார் ராகு விழுங்குவதை நம்பிக் கணித்தவரல்லர்; நெடிய கணித மரபொன்றின் வாரிசு. இதை இன்னொரு மிஷனரியான எச்.ஆர். ஹொய்சிங்டன் நன்றாகவே அறிந்திருந்தார். தமிழ்ச் சோதிட கணிதத்தை ஆங்கில விளக்கத்தோடு 1848இல் நூலாக வெளியிட்டவர் அவர்.

ஹொய்சிங்டன்தான் 1834இல் வில்லியம் டாடுடன் மதுரைக்கு வந்து மிஷனைத் தொடங்கியவர். பூவரும் பின்னாலேயே வந்து 1841 வரை மதுரையில் பள்ளிகளை நடத்தினார். 1842இல் திருமங்கலத்தில் தொடங்கிய செமினரி 1845இல் பசுமலைக்கு மாறியது. பின்னாளில் அமெரிக்கன் கல்லூரி முளைத்ததும் அந்தப் பசுமலையில்தான். வேதபாடமும் பூகோளமும் ஒரே கூரையின் கீழ் சொல்லித்தரப்பட்டன. இரண்டும் ஒரே உண்மையைப் பேசும் என்பது அந்தத் தலைமுறையின் உறுதி.

சைவர்களின் எதிர்ப்பு பூமியின் வயதைப் பற்றியதாக இருக்கவில்லை. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி, கடவுள் ஒன்றுமில்லாமையிலிருந்து உலகைப் படைத்தார் என்று போதித்தார். பதி, பசு, பாசம் மூன்றும் அனாதி என்பது சைவ சித்தாந்தம். மாயை என்ற முதற்காரணத்திலிருந்தே உலகம் தோன்றும். இல்லாதது ஒருபோதும் உள்ளதாகாது. அந்த மோதல் தர்க்கத்தின் தளத்தில் நடந்தது. ஆறுமுக நாவலரும் 1854இல் வெளியிட்ட 'சைவதூஷண பரிகார'த்தில் நிலவியலைத் துணைக்கு அழைக்கவில்லை. பைபிள் வசனங்களையே சான்றாக அடுக்கிச் சைவ வழிபாட்டுக்கு நியாயம் சொன்னார்.

அந்த நாவலரோடு சேர்ந்து பைபிளைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் குடும்பத்துக்கே நிலவியல் மருமகனாக வந்தது. பெர்சிவலின் மகளை 1862இல் மணந்தவர் நிலவியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட். மறு ஆண்டு மே 30இல் பல்லாவரத்துச் சரளைப் படிவில் மனிதன் செதுக்கிய கற்கருவியை ஃபூட் கண்டெடுத்தார். உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்ற பேராயர் அஷரின் கணக்கு பைபிள்களின் ஓரக்குறிப்பில் இன்னும் அச்சாகிக்கொண்டிருந்த காலம் அது. (சென்னைக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று சாந்தி பப்பு குழுவினர் அறிவித்தது 2011இல்.) மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் பற்றிய ஃபூட்டின் அறிக்கை 1883இல் வெளிவந்தது.

அந்த நிலவியலைக் கண்ணால் காண, மதுரையை அடுத்த மேலூர்ப் பக்கத்துக் குவாரிகளில் அறுத்துப் பளபளப்பாக்கிய வெள்ளைப் பாளத்தைப் பாருங்கள். வெளிறிய கல்லில் சிவப்புப் பொட்டுகளாகத் தெரிபவை கார்னெட். பூமிக்கடியில், பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் விளைந்தவை. மதுரை வட்டாரப் பாறைகள் கடைசியாக அப்படி வெந்து உருமாறியது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று கதிரியக்கக் கணிப்புகள் சொல்கின்றன. ஆறு நாள் கணக்கில் இதற்கு இடமில்லை.

இடம் தேடியவர்கள் ஒவ்வொரு நாளையும் ஒரு நீண்ட யுகமாகக் கொண்டார்கள். காலத்தை நீட்டலாம், வரிசையை என்ன செய்வது? ஆதியாகமத்தில் மூன்றாம் நாள் கனிமரம், நான்காம் நாள் சூரியன். ஐந்தாம் நாள் பறவை, ஆறாம் நாள் நிலத்து விலங்கு. புதைபடிவங்களிலோ நிலத்து ஊர்வன முந்தியவை. பறவைகள் அவற்றின் வழித்தோன்றல்கள். இந்தச் சமரசம் நிற்கவில்லை என்பதே என் முடிவு. சென்னையில் 1880களில் வெளிவந்த 'தத்துவ விவேசினி' எல்லா மதங்களையும் பகுத்தறிவால் விசாரித்தபோது கிறித்தவத்துக்கும் விலக்கு அளிக்கவில்லை. புராணத்துக்கு வைத்த சோதனை வேதாகமத்துக்கும் பொருந்த வேண்டும் என்பது நேர்மையான கோரிக்கை.

திருச்சபைகளும் அசைந்தன. மனித உடலின் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை என்று போப் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) 1950இல் அறிவித்தார். மறு ஆண்டே பெருவெடிப்புக் கொள்கையைப் படைப்புக்குச் சாட்சியாக அவர் பேசியபோது, அக்கொள்கைக்கு வித்திட்ட லெமேத்ர், தாமே ஒரு குருவாக இருந்தும், அப்படி முடிச்சுப் போடுவதை விரும்பவில்லை. மதுரை அரசரடியில் 1969இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரி போன்ற இடங்களில் ஆதியாகமத்தின் முதலிரு அதிகாரங்கள் வெவ்வேறு மரபுகளிலிருந்து வந்தவை என்று படிக்கிறார்கள். ஆனால், அமெரிக்காவில் 1961இல் வந்த 'தி ஜெனிசிஸ் ஃபிளட்' புதுப்பித்த இளம்பூமி வாதத்துக்குப் பிரசங்க மேடைகளில் இன்றும் செல்வாக்குண்டு.

விவாதத்தில் பின்னர் மரபியலும் சேர்ந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஆர்.எம். பிச்சப்பன், உசிலம்பட்டிப் பக்கத்துச் சோதிமாணிக்கம் கிராமத்தில் எடுத்த ரத்த மாதிரியில் எம்130 என்ற மரபணுக் குறியைக் கண்டறிந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியா வரை நடந்த ஆதிமனிதரின் தடம் அது. சுமார் 50,000 ஆண்டுப் பழமையுடையது. மரபியலாளர்கள் பேசும் 'ஒய் குரோமோசோம் ஆதாம்' என்ற மூதாதையை ஏதேன் தோட்டத்து ஆதாமோடு சிலர் இணைக்கிறார்கள். அது பிழை. அந்த மூதாதையின் காலத்தில் வேறு ஆண்கள் பலர் வாழ்ந்தார்கள். அவர்களுடைய தந்தைவழி மட்டும் அறுந்துபோனது. நொபிலியும் சித்தாந்திகளும் மோதிக்கொண்ட கேள்விக்கோ, ஏதாவது ஒன்று ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கோ, இந்த ரத்த மாதிரியும் மேலூர்ப் பாளமும் எந்தப் பக்கமும் சாட்சி சொல்வதில்லை. அங்கே இரு தரப்பும் இன்னும் தர்க்கத்தைக் கொண்டே வாதிட வேண்டியிருக்கிறது.