ஆளின் பெயர் கொப்பரைக்கு வந்த கதை

கியூபாவில் பாலோ மோன்தே வழிபாட்டைக் கைக்கொண்டவர்களின் வீட்டில், பின்னறையிலோ கொல்லையிலோ, ஒரு வார்ப்பிரும்புக் கொப்பரை இருக்கும். மூன்று குட்டைக் கால்கள், புடைத்த வயிறு, பல வீடுகளில் அதைச் சுற்றி ஒரு சங்கிலி. உள்ளே காட்டு மரக் குச்சிகள், இடுகாட்டு மண், நாற்சந்தி மண், கல், விலங்கெலும்பு. பலவற்றில் மனித எலும்பும் உண்டு. இறந்த ஒருவரின் ஆவியோடு வீட்டுக்காரர் செய்துகொண்ட உடன்படிக்கைதான் அதற்கு உயிர். அதன் பெயர் ‘ங்காங்கா’.

மத்திய ஆப்பிரிக்காவின் கொங்கோ மக்கள் பேசும் கிகொங்கோ மொழியில் ங்காங்கா என்பது ஆளின் பெயர். மருந்தறிந்தவர், சடங்கை நடத்துபவர், ஆவிகளோடு பேசத் தெரிந்தவர். அவர் உருவேற்றி வைக்கும் பொருள் ‘ன்கிசி’. துணிப்பை, மண்சட்டி, சுரைக்குடுக்கை, மரப்பாவை என எதுவும் ன்கிசி குடியிருக்கும் கூடாகலாம். கொங்கோ மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றிக் கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோன பிறகு, ஆளின் பெயர் பொருளின்மேல் ஏறியது. ஆளைக் குறிக்க ‘தாட்டா ங்காங்கா’, அதாவது ங்காங்காவின் தந்தை, என்று சொல்ல வேண்டியதாயிற்று.

செய்தவன் பெயர் செய்பொருளுக்கு ஆகிவருவதைக் கருத்தாவாகுபெயர் என்று நம் இலக்கணம் வகைப்படுத்திவிடும். எனக்கு அது போதவில்லை. தோட்டத்தில் குருவை எந்த நாளும் விற்றுவிடலாம். சீடனை வேறு தோட்டத்துக்கு ஓட்டிவிடலாம். வழிவழியாக ஆளிடம் தங்கிய அதிகாரம் தங்க வேறோர் இடம் வேண்டியிருந்தது. இந்தப் பெயர் மாற்றத்தில் அந்தக் கொடுமையின் தடத்தையே நான் பார்க்கிறேன்.

ங்காங்காவைத் துணி மூட்டையாகக் கட்டித் தொங்கவிடும் வழக்கமும் அங்கே இருந்தது. இரும்புக்கு மதிப்பு கூடியதில் ‘சரபாண்டா’ என்னும் இரும்பின் தெய்வத்துக்குப் பங்குண்டு. அவனுடைய கொப்பரையில் கத்தியும் லாடமும் தண்டவாள ஆணியும் சேரும். கொங்கோவிலும் வாக்கை உறுதிசெய்ய மரப்பாவையில் இரும்பாணி அறைந்தார்கள். சத்தியத்துக்கு இரும்பே சாட்சி என்ற எண்ணம் கடல் தாண்டியும் தேயவில்லை.

இதே கொப்பரைக்கு ஸ்பானியத்தில் ‘பிரெந்தா’ என்றும் பெயர். அடகு, பிணை என்று பொருள். அணிகலனையும் அன்புக்குரியவரையும்கூட அச்சொல் குறிக்கும். லத்தீனில் அடகுப் பொருளைக் குறித்த ‘பிக்னுஸ்’ அதன் வேர். கியூபாவில் அடிமை முறை 1886இல் ஒழிந்தது. அதன் பிறகு, கியூப இனவரைவியலாளர் லிதியா கப்ரேரா 1954இல் ஆப்பிரிக்க-கியூப வழிபாடுகள் பற்றிய ‘எல் மோன்தே’ நூலை வெளியிட்டபோதும் ங்காங்கா, பிரெந்தா என்ற இரு பெயர்களும் புழக்கத்தில் இருந்தன. ஆவி தன்னைப் பிணையாகத் தருகிறது, மனிதர் அதற்குப் படையலிட்டுக் காக்கிறார். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

புதிய ங்காங்கா ‘பிறக்கிறது’ என்றே பாலோக்காரர்கள் சொல்வார்கள். கொப்பரை கடையில் வாங்கியதாக இருக்கலாம். தாய்க் கொப்பரையிலிருந்து எடுத்த பங்கு அதனுள் விழுந்த பிறகே அந்தப் பெயர் அதற்கு உரியதாகும்.