உறக்கத்தை அளந்த கதை: ஊசலிலிருந்து மணிக்கட்டு வரை

மனிதன் தன் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியை உறக்கத்தில் கழிக்கிறான். ஆயினும், தான் எவ்வளவு நேரம் உறங்கினான், எவ்வளவு ஆழ்ந்து உறங்கினான் என்பதை அவனால் சரியாகச் சொல்ல முடிவதில்லை. சாட்சி சொல்ல வேண்டியவனே உறங்கிவிடுகிறான் அல்லவா! இக்குறையைப் போக்க இன்று பலர் மணிக்கட்டில் மின்னணுப் பட்டையைக் கட்டிக்கொண்டு படுக்கிறார்கள். விடிந்ததும் அது கணக்குக் கொடுக்கிறது: மொத்த உறக்கம் 6 மணி 42 நிமிடம், ஆழ்ந்த உறக்கம் 51 நிமிடம், கனவு உறக்கம் 1 மணி 20 நிமிடம். இந்த எண்களை எந்த அளவுக்கு நம்பலாம்? எதற்குப் பயன்படுத்தலாம்? விடை காண, உறக்கத்தை அளக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

ஒலியால் அளந்தவர்

1862ஆம் ஆண்டில் ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் கோல்ஷூட்டர் எளிய முறை ஒன்றைக் கையாண்டார். ஊசல்போல் தொங்கும் சுத்தியலை உயர்த்தி விட்டால் அது மோதி ஒலி எழுப்பும். உயர்த்தும் அளவு கூடக்கூட ஒலியும் வலுக்கும். உறங்குபவர் விழிக்க எவ்வளவு வலுவான ஒலி தேவையோ, அதுவே உறக்கத்தின் ஆழம். இவ்வாறு இரவின் பல வேளைகளில் சோதித்து, முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே உறக்கம் மிக ஆழமாகி, பின்னர் விரைந்து இலேசாகிவிடுகிறது என்று கண்டார். ஆனால் இம்முறையில் பெரிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. அளவெடுத்த மறுகணமே அளக்கப்பட்ட உறக்கம் கலைந்துவிடும்!

மூளையின் மின்னலைகள்

எழுப்பாமலே அளக்கும் வழியைத் திறந்தவர் ஜெர்மனியின் யேனா நகர மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். மனித மூளையின் மின்னலைகளை அவர் 1924இல் முதன்முதலாகப் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார். பின்னர் அமெரிக்காவில், வங்கித் தொழிலில் பெரும்பொருள் ஈட்டி இயற்பியலில் ஆர்வம் கொண்ட ஆல்பிரட் லூமிஸ், டக்சிடோ பார்க்கில் இருந்த தம் சொந்த ஆய்வகத்தில் உறங்குவோரின் மின்னலைகளை இரவு முழுவதும் பதித்தார். அலைகளின் வடிவத்தைக் கொண்டு உறக்கத்தை ஐந்து நிலைகளாக அவரும் அவர்தம் குழுவினரும் 1937இல் வகுத்தனர்.

1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசெரின்ஸ்கியும் அவருடைய ஆசிரியர் நதானியேல் கிளெய்ட்மனும் வியப்பான செய்தி ஒன்றை வெளியிட்டனர். உறக்கத்தின் இடையிடையே மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசைகின்றன. அவ்வேளையில் எழுப்பினால் பெரும்பாலோர் கனவு கண்டதாகக் கூறுகின்றனர். இதுவே இன்று கனவு உறக்கம் எனப்படுவது. 1968இல் ரெக்ட்ஷாபன், கேல்ஸ் ஆகியோரின் கையேடு வெளிவந்தபின், மூளை அலை, விழி அசைவு, தாடைத் தசையின் விறைப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்து நிலைகளைப் பிரிப்பது பொதுமுறை ஆயிற்று.

இம்முறையின் உழைப்பைச் சிறு கணக்கால் உணரலாம். பதிவுத் தாள் வினாடிக்கு 10 மில்லிமீட்டர் நகர்கிறது எனக் கொள்வோம். 8 மணி நேரத்துக்கு, அதாவது 28,800 வினாடிக்கு, 288 மீட்டர் தாள் ஓடிவிடும்! அதை 30 வினாடிக்கு ஒரு துண்டாக வல்லுநர் கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். ஒரே பதிவை இரு வல்லுநர்களிடம் தந்தாலும் அவர்கள் முற்றிலும் ஒத்துப்போவதில்லை. ஒற்றுமை 100க்கு 80ஐச் சற்றே தாண்டும். மேலும், மின்முனைகளை ஒட்டிக்கொண்டு ஆய்வகத்தில் ஓரிரு இரவுகளே ஒருவரால் படுக்க முடியும். அன்றாடம் வீட்டில் உறங்கும் உறக்கம் அளவுக்கு எட்டாமலே இருந்தது.

மணிக்கட்டுக்கு இறங்கிய அளவீடு

இங்கேதான் வேறொரு கிளை முளைத்தது. விழித்திருப்பவர் அசைகிறார், உறங்குபவர் பெரும்பாலும் அசைவதில்லை. அப்படியானால் கையின் அசைவை மட்டும் பதித்தால் போதாதா? சான் டியாகோவின் டேனியல் கிரிப்கேயும் அவர்தம் குழுவினரும் 1978இல் இவ்வழியில் பெற்ற முடிவுகளை வெளியிட்டனர். 1992இல் ரோஜர் கோல், கிரிப்கே முதலானோர் கணிப்பொறிக்கு ஏற்ற சூத்திரம் ஒன்றைத் தந்தனர். ஒரு நிமிடத்தில் ஒருவர் உறங்கினாரா எனத் தீர்மானிக்க, அந்த நிமிடத்தின் அசைவுடன் முந்தைய 4 நிமிடங்கள், பிந்தைய 2 நிமிடங்கள் ஆகியவற்றின் அசைவையும் தக்க விகிதத்தில் கூட்டிப் பார்ப்பதே அச்சூத்திரம்.

இன்றைய கைப்பட்டை இந்தக் கிளையின் வாரிசு. அதனுள் உள்ள முடுக்கமானியில் நுண்ணிய சிலிக்கான் எடை ஒன்று, வில்போல் வளையும் இழைகளில் தொங்குகிறது. கை அசைந்தால் எடை விலகும். அந்த விலகல் மின்தேக்குதிறன் மாற்றமாக அளக்கப்படுகிறது. இத்துடன் நாடித் துடிப்பும் சேர்ந்துகொண்டது. பட்டையின் அடியில் மினுக்கும் பச்சை ஒளியை இரத்தம் உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் கூடுவதால் திரும்பி வரும் ஒளி குறையும். ஆழ்ந்த உறக்கத்தில் துடிப்பு சீராக இருக்கும். கனவு உறக்கத்தில் ஒழுங்கு தவறும். இத்தகைய குறிப்புகளைக் கொண்டு பட்டை உறக்க நிலைகளை ஊகிக்கிறது. மூளை அலையை அது பார்ப்பதே இல்லை. 2009இல் ஃபிட்பிட் முதற்கருவி விற்பனைக்கு வந்தது. 2017இல் அந்நிறுவனத்தின் பட்டைகள் உறக்க நிலைகளையும் காட்டத் தொடங்கின.

86 விழுக்காட்டின் பொருள்

அசைவுமானி எவ்வளவு சரியானது? 77 பேரின் உறக்கத்தை ஆய்வகப் பதிவோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2013இல் வெளிவந்தது. மணிக்கட்டுக் கருவியின் தீர்ப்பு 86 விழுக்காடு சரியாக இருந்தது. நல்ல மதிப்பெண்தானே என்று தோன்றும். ஆனால் சற்றுச் சிந்தியுங்கள். ஒருவர் 8 மணி நேரம் படுக்கையில் இருந்து, 7 மணி நேரம் உறங்குகிறார். எதையுமே அளக்காமல் இரவு முழுவதும் ‘உறங்குகிறார்’ என்றே சொல்லும் பொம்மைக் கருவியும் 87.5 விழுக்காடு சரியாகிவிடும்!

எனவே கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உறங்கிய நேரத்தை உறக்கம் என அக்கருவி கண்டது 96 விழுக்காடு. விழித்திருந்த நேரத்தை விழிப்பு எனக் கண்டதோ 33 விழுக்காடுதான். அதாவது, கண் விழித்துக் கிடந்த 60 நிமிடங்களில் சுமார் 40 நிமிடங்களை அது உறக்கக் கணக்கில் எழுதிவிடும். நாடித் துடிப்பையும் பார்க்கும் புதிய பட்டைகள் இதைவிடத் தேர்ந்தவை. எனினும் இக்குறை அடியோடு நீங்கவில்லை. உறக்க நிலைகளைப் பிரிப்பதில் பிழை இன்னும் கூடுதல்.

உறக்கமின்மையால் அவதிப்படுபவருக்கு இது சிறு செய்தியன்று. அவர் புரண்டுகூடப் படுக்காமல் விட்டத்தைப் பார்த்துக் கிடந்த இரவைப் பட்டை ‘நல்ல உறக்கம்’ எனக் காட்டலாம். மறுபுறம், நன்றாக உறங்கி எழுந்தவர், ‘ஆழ்ந்த உறக்கம் குறைவு’ என்ற வரியைப் படித்துக் கவலையால் மறுநாள் உறக்கத்தை இழக்கலாம். குறையற்ற எண்ணைத் தேடி வரும் இக்கவலைக்கு 2017இல் கெல்லி பேரன் முதலான அமெரிக்க ஆய்வாளர்கள் ‘ஆர்த்தோசோம்னியா’ எனப் பெயரே சூட்டிவிட்டனர்.

பயன்படுத்துவது எப்படி?

அப்படியானால் பட்டையைக் கழற்றி எறிந்துவிட வேண்டுமா? தேவையில்லை. ஆய்வகத்தால் தர முடியாத ஒன்றை அது தருகிறது: வீட்டில், தொடர்ந்து பல நாட்கள் எடுத்த பதிவு. பிரிட்டனின் பயோபாங்க் திட்டத்தில் மணிக்கட்டு முடுக்கமானி அணிந்த 60,000க்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்த முடிவு 2024இல் வெளிவந்தது. உறங்கும் நேரமும் எழும் நேரமும் நாள்தோறும் சீராக இருந்தோரிடையே இறப்பு வீதம் குறைவாக இருந்தது. இறப்பு வாய்ப்பை முன்னறிவதில் உறக்கத்தின் மொத்த அளவைவிட இந்த ஒழுங்கே வலுவான குறியாக இருந்தது. ஒழுங்கின்மைதான் இறப்புக்குக் காரணம் என இதனால் மெய்ப்பிக்கப்படவில்லை. நோயுற்றவரின் உறக்கமும் தாறுமாறாகலாம் அன்றோ? ஆயினும் கருவியின் வலிமை எங்கே இருக்கிறது என்பது விளங்குகிறது.

ஆகவே ஓர் இரவின் நிமிடக் கணக்கை விட்டுவிட்டு, இரண்டு வாரப் பதிவைச் சேர்த்துப் பாருங்கள். படுத்த நேரமும் எழுந்த நேரமும் நாளுக்கு நாள் எவ்வளவு மாறுகின்றன? மாலையில் காப்பி அருந்திய நாட்களிலும், இரவுப்பணி முடித்த நாட்களிலும் என்ன வேறுபாடு? ஒரே பட்டை ஒரே மாதிரியாகப் பிழை செய்யும்போது, அதன் நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒப்பிடுவதில் ஓரளவு பொருள் உண்டு. அடுத்தவர் பட்டையோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. பலத்த குறட்டை, உறக்கத்தில் மூச்சுத் திணறல், பகலில் அடக்க முடியாத உறக்கம் ஆகியவை இருந்தால், பட்டை எத்தனை மதிப்பெண் தந்தாலும் மருத்துவரையே நாட வேண்டும்.

கோல்ஷூட்டரின் ஊசல் விழிக்கச் செய்யும் ஒலியை அளந்தது. பெர்கரின் கருவி மின்னழுத்தத்தை அளந்தது. கைப்பட்டை அசைவையும் நாடியையும் அளக்கிறது. எதை அளந்தது, எதை ஊகித்தது என்று பிரித்தறிபவருக்கே அது தரும் எண் பயன்படும்.