பினாங்கு நூலகர்களின் இரு வழிகள்

ஜார்ஜ்டவுனில் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் 1816இல் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே சந்தாதாரர்களுக்கான பினாங்கு நூலகம் பிறந்தது. பெயரளவில் ஊர் நூலகம். சந்தா கட்ட வசதியுள்ளவர்களுக்கே அது பயன்பட்டது.

நூலகர் பணி மலேசியாவில் தனித் தொழிலாக உருப்பெற ஒன்றரை நூற்றாண்டு ஆனது. மாரா தொழில்நுட்பக் கழகம் 1968இல் நூலகவியல் படிப்பைத் தொடங்கியது. தேசிய நூலகச் சட்டம் 1972இல் வந்தது. அடுத்த ஆண்டு பினாங்குப் பொது நூலகக் கழகத்துக்கான மாநிலச் சட்டம் இயற்றப்பட்டது. பட்டம் பெற்றவர் அங்கே நூலகராகச் சேர்ந்து, நூல் தேர்வு, பகுப்பு, கிளை நிர்வாகம் என உயரலாம்.

பள்ளியில் கதை வேறு. அங்கே நூலகத்தைக் கவனிப்பவர் ஆசிரியர்தான். வகுப்பு முடித்து ஓடிவந்து, முத்திரை குத்தி, நூலின் முதுகில் எண் ஒட்டி, இரவல் பதிவேட்டையும் அவரே பார்த்தார். முழுநேர நூலக, ஊடக ஆசிரியர் நியமனத்துக்குக் கல்வி அமைச்சு 2005இல்தான் வழிசெய்தது. இவ்வளவு தாமதத்துக்கு நியாயம் சொல்வது கடினம்.

நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் தரும் டூவி பகுப்பில் தமிழ் இலக்கியம் எங்கும் 894.811தான். நூலுக்கு எண் ஒன்றானாலும், அதை அடுக்குபவருக்குப் பணித்திட்டம் இரண்டு: பள்ளிக்காரர் கல்விச் சேவையிலும் பொது நூலகர் மாநிலக் கழகத்திலும் இருக்கிறார்.