ஓடிப்போனவனின் அங்க அடையாளம்

கடற்படைகளின் சரித்திரத்தில் எனக்கு ஈடுபாடு கிடையாது. பட்டியல்களில் உண்டு. ஒரு பட்டியலை எழுதியவன் எதற்காக எழுதினான், இருநூறு வருஷம் கழித்து அதைப் புரட்டுகிறவன் எதைத் தேடிப் புரட்டுகிறான் என்ற இரண்டுக்கும் நடுவே இருக்கிற தூரம் பல நாவல்களில் கிடைக்காத விஷயம். ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் கனடாவிலும் எத்தனையோ குடும்பங்கள் தங்கள் முன்னோர் கடல் தாண்டி வந்த கதையை பிரிட்டிஷ் கடற்படையின் ஊழியப் பதிவேடுகளில் தேடிக்கொண்டிருக்கின்றன. பதிவேடுகள் லண்டன் கியூவில், தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தேடுகிறவனுக்கு வேண்டியது ஒரு தாத்தா. அங்கே அவனுக்குக் கிடைப்பது ஒரு சம்பளக் கணக்கு.

கணக்கு என்று நான் சொல்வது உருவகம் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒவ்வொரு போர்க்கப்பலிலும் ஓர் ஆஜர்ப் புத்தகம் இருந்தது. எத்தனை பேருக்குச் சோறு, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று தெரிவதற்காக வைத்திருந்த புத்தகம். வரிசை எண், சேர்ந்த தேதி, தானாக வந்தவனா பலவந்தமாகப் பிடித்து வரப்பட்டவனா, பெயர், உத்தியோகம். 1764 முதல் பிறந்த ஊரும், சேரும்போது இருந்த வயதும். அப்புறம் பிடித்தங்கள்: உடுப்பு, படுக்கை, புகையிலை, செத்துப்போன சகமாலுமியின் துணிமணியை ஏலத்தில் எடுத்த வகை, மேகவியாதிக்கு வைத்தியம் பார்த்த வகை. தகப்பன் பெயருக்குக் கட்டம் கிடையாது. பெண்டாட்டி பெயருக்கும் கிடையாது. ஒரு மனிதனின் சதை, பழக்கம், நோய் எல்லாம் இதில் வந்து விழத்தான் செய்கின்றன, பணமாக மாறிய பிறகு.

கப்பலைவிட்டுப் போனவர்களுக்கு மூன்று குறிகள். ஒரு ‘டி’ என்றால் விடுவிக்கப்பட்டவன். இரண்டு ‘டி’ என்றால் செத்து விடுபட்டவன். ‘ஆர்’ என்றால் ஓடியவன். ஓடியவனுக்குச் சேர வேண்டிய சம்பளம் பறிமுதல். ஆகவே கணக்கு பிசிறில்லாமல் முடிந்துவிடுகிறது. பேரேட்டின் முன்னால் உட்கார்ந்து பிழைக்கிறவன் என்ற முறையில் அந்தக் கப்பல் குமாஸ்தாவின் நிம்மதி எனக்கு நன்றாகவே புரிகிறது. முறையாக விடுதலை பெற்றுக் குடியேறியவர்களும் இருக்கிறார்கள். 1788-ல் முதல் கைதிக் கப்பல்களுக்குத் துணையாக சிட்னி வந்த சிரியஸ் கப்பலின் மாலுமிகள் சிலர் நிலம் வாங்கிக்கொண்டு தங்கிவிட்டார்கள். ஆனால் 1851-ல் விக்டோரியாவில் தங்கம் அகப்பட்டபோது மெல்பர்ன் துறைமுகத்தில் கப்பல்களை அப்படியே விட்டுவிட்டு மாலுமிகள் கரையேறி ஓடினார்கள். அப்படி ஓடியவனின் பேரப்பிள்ளைகள் அங்கே இருப்பதற்கு ஆதாரம் அந்த ஒற்றை எழுத்துதான். வம்சப் பெருமை தேடி வருகிறவர்கள் இந்த எழுத்தைக் கண்டு முகம் சுளிப்பது எனக்கு விளங்கவில்லை. அவன் ஓடாமல் ஒழுங்காக போர்ட்ஸ்மத் திரும்பியிருந்தால் முகம் சுளிக்க அவர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. 1853 வரை மாலுமிக்கென்று தனி ஏடு கிடையாது. அரசுக்குக் கப்பல்களைத் தெரியும், ஆட்களைத் தெரியாது. கப்பலின் பெயர் தெரியாமல் ஆளைத் தேடப் போகிறவன் அச்சிட்டவர் பெயர் மட்டும் இருக்கும் நூலகத்தில் ஆசிரியரைத் தேடுகிறவன் மாதிரி. (அதிகாரிகள் விஷயம் வேறு. லெஃப்டினென்ட் பரீட்சைக்குப் போனவனின் சான்றிதழோடு ஞானஸ்நானப் பதிவின் நகலைக்கூடச் சேர்த்து வைத்திருப்பார்கள். அவர்களுக்கு அப்போதே ஜாதகம் உண்டு.) 1853-ல் பதினெட்டு வயதிலிருந்து பத்து வருஷம் தொடர் ஊழியம் என்ற ஏற்பாடு வந்த பிறகுதான் சாதாரண மாலுமிக்கு ஒரு எண், பிறந்த தேதி, உயரம், தலைமயிர், கண், தோல் நிறம், தழும்பு, பச்சை எல்லாம் பதிவாயின. 1873-ல் எண்கள் புதிதாக ஆரம்பித்தன.

பட்டியலில் இருப்பவன் கப்பலில் இருந்தான் என்றும் நம்ப முடியாது. 1733-லிருந்து, விதவைகளின் உதவி நிதிக்காக, நூறு பேருக்கு இரண்டு பேர் என்று இல்லாத மாலுமிகளைப் பட்டியலில் சேர்த்து, அவர்கள் சம்பளத்தை நிதிக்குத் திருப்பினார்கள். ‘விதவைகளின் ஆட்கள்’ என்று இவர்களுக்குப் பெயர். சோறு தின்னாமல் சம்பளம் வாங்கிய இந்தப் பாத்திரங்களைக் கற்பித்த குமாஸ்தாவை நான் எழுத்தாளன் என்றே சொல்வேன்.

இருந்தவன் வேறு பெயரில் இருப்பதுதான் இதைவிடச் சிக்கல். இதற்கு பவுண்டி கப்பலை விட்டால் எனக்கு வேறு உதாரணம் தோன்றவில்லை. 1789 ஏப்ரல் 28-ல் டோங்கா தீவுகளுக்கருகில் கலகம் நடந்தது. கேப்டன் பிளையை 18 பேரோடு ஒரு திறந்த படகில் இறக்கிவிட்டார்கள். ஜூன் 14-ல் அவர் டிமோர் தீவின் குபாங் போய்ச் சேர்ந்தார். பசியோடு மிதந்த அந்த நாட்களில், தன்னிடமிருந்த சின்ன நோட்டுப் புத்தகத்தில் கலகக்காரர்களின் அங்க அடையாளங்களை எழுதத் தொடங்கினார். ஆட்களைப் பிடித்துத் தூக்கில் போடுவதற்காக எழுதியது. ஃப்ளெச்சர் கிறிஸ்டியனுக்கு முழங்கால் சற்று வளைவு, உள்ளங்கை எப்போதும் வியர்க்கும், தொட்டதெல்லாம் அழுக்காகும். அலெக்ஸாண்டர் ஸ்மித் என்பவனுக்கு வயது 22, உயரம் 5 அடி 5 அங்குலம், மாநிறம், முகமெல்லாம் அம்மைத் தழும்பு, உடம்பெல்லாம் பச்சை, வலது பாதத்தில் கோடாலி பட்ட வடு. விசுவாசமாகப் படகில் கூட வந்தவர்களுக்கு இந்த நோட்டுப் புத்தகத்தில் இப்படி ஒரு வர்ணனை கிடையாது. பிளையின் உரைநடையில் வேறெங்கும் இவ்வளவு கூர்மை இருப்பதாக எனக்குப் படவில்லை. பகைமைக்கு ஞாபகசக்தி அதிகம்.

ஒன்பது கலகக்காரர்கள், ஆறு பாலினேசிய ஆண்கள், பன்னிரண்டு பெண்கள், ஒரு குழந்தை என்று 1790 ஜனவரியில் பிட்கெர்ன் தீவில் இறங்கி, கப்பலுக்குத் தீ வைத்தார்கள். 1808-ல் மேஹ்யூ ஃபோல்ஜர் என்ற அமெரிக்கக் கேப்டன் தற்செயலாக அங்கே போனபோது கலகக்காரர்களில் ஒருவன்தான் மிச்சம். தன்னை அலெக்ஸாண்டர் ஸ்மித் என்று சொல்லிக்கொண்டான். 1814-ல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வந்தபோது அவன் ஜான் ஆடம்ஸ். அதுதான் இயற்பெயர். 1829-ல் அந்தப் பெயரில்தான் செத்தான். பிட்கெர்னின் ஊர் ஆடம்ஸ்டவுன். 1856-ல் 194 பேர் நார்ஃபோக் தீவுக்குக் குடிபெயர்ந்தபோது ஆடம்ஸ் குடும்பமும் போயிற்று. கிறிஸ்டியன், ஆடம்ஸ், குவின்டல் என்று அங்கே ஒரே பெயர் பலருக்கு இருப்பதால் டெலிபோன் புத்தகத்திலேயே பட்டப்பெயர் போட்டு அடையாளம் காட்டுகிறார்கள். ஆனால் தன் மூதாதையைத் தேடி பவுண்டியின் ஆஜர்ப் புத்தகத்தைத் திறக்கிற ஆடம்ஸ் ஒருவனுக்கு, அந்தக் கப்பலில் ஆடம்ஸ் என்று ஒருவரும் கிடையாது.

இவர்கள் உடம்பில் ஓடும் ரத்தத்தில் ஒரு பங்கு டஹிட்டியிலிருந்தும் பக்கத்துத் தீவுகளிலிருந்தும் வந்த பெண்களுடையது. கிறிஸ்டியனின் பிள்ளைகளைப் பெற்ற மவுஅதுவாவுக்கு எந்தக் கடற்படைப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை. வர்ணிக்க ஆள் இல்லை, தேட ஆள் இல்லை, பாக்கி இல்லை.

ஒருத்தி மட்டும் தானே பேசினாள். தெஏஹுதெஅதுஅஓநொஅ; மாலுமிகள் வைத்த பெயர் ஜென்னி. டஹிட்டியில் ஸ்மித்தின் துணையாக இருந்தவள். பிட்கெர்னுக்கு வந்தது ஐஸக் மார்ட்டினின் துணையாக. தீவைவிட்டு வெளியேறிய முதல் பெண் அவள். 1817-ல் ஒரு கப்பலில் கிளம்பினாள். அங்கே நடந்ததையெல்லாம் அவள் சொல்லி, 1819-ல் சிட்னி கெஸட்டில் அது அச்சாயிற்று. அவள் இடது கையில் பச்சை குத்தியிருந்தது: ‘ஏ எஸ் 1789’.