எஞ்சின் "போர்" பண்ணுவதற்குப் பின்னால் உள்ள 250 வருசக் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் வீட்டில் வாப்பா காலத்து மொரிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. கொஞ்சக் காலமாக ஒயில் குடித்து, நீலப் புகை அடித்தது. ஒரு கராஜில் காட்டினேன். "போர் பண்ணத் தேவையில்ல சேர். புது ரிங் போட்டு, கல்லால ஹோன் அடிச்சா சரி" என்றார்கள். செலவு குறைவு என்பதால் நானும் தலையாட்டினேன். மூன்று மாதத்தில் புகை பழையபடி வந்துவிட்டது.

பிறகு பக்கத்து ஊரில் சிலிண்டர் போர் பண்ணும் வயதான மெசின் நானா ஒருவரிடம் புளொக்கைக் கொண்டுபோனேன். அவர் டயல் கேஜை உள்ளே விட்டு மேலும் கீழும் அளந்தார். "சேர், இது வட்டமில்ல, முட்டை. மேல அகலம், கீழ ஒடுக்கம். கல்லு பழைய ஓட்டையப் பார்த்துத்தான் போகும். ஓட்டை கோணலெண்டா கல்லும் கோணலாத்தான் போகும்" என்றார்.

வரலாறு படிப்பிக்கிற எனக்கு அது புதுக் கதையாகத் தெரியவில்லை. கைத்தொழில் புரட்சியே ஒரு கட்டத்தில் இதே பிரச்சினையில்தான் மாட்டிக்கொண்டு நின்றது.

சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை எப்படி அடைப்பது என்பது மிகப் பழைய கேள்வி. 1206இல் தியார்பகிர் அரசவையில் தன் பொறிமுறை நூலை எழுதி முடித்த அல்-ஜஸரி, இரட்டைச் சிலிண்டர் நீர்ப்பம்பி ஒன்றை அதில் விவரிக்கிறார். பிஸ்டனின் இரண்டு செப்புத் தட்டுகளுக்கு நடுவே சணல் கயிற்றைச் சுற்றி அவர் இடைவெளியை அடைத்தார். வால்வும் அதன் இருக்கையும் நீர் கசியாமல் பொருந்துவதற்கு, நடுவில் எமரித் தூள் போட்டு இரண்டையும் ஒன்றோடொன்று தேய்க்கச் சொன்னார். இன்றும் கராஜில் வால்வ் கிரைண்டிங் என்று செய்வது அந்த வேலையைத்தான்.

தண்ணீருக்குச் சணல் போதும். நீராவிக்குப் போதாது.

1712இல் வந்த நியூகொமன் எஞ்சினில், பிஸ்டனின் மேல் தண்ணீரை ஊற்றி இடைவெளியை மறைத்தார்கள். ஜேம்ஸ் வாட் 1765இல் கண்டுபிடித்த முறையில் அதைச் செய்ய முடியவில்லை. சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய யோசனை. மேலே தண்ணீர் நின்றால் சிலிண்டர் குளிர்ந்துவிடும். ஆகவே சிலிண்டரே உண்மையான வட்டமாக இருக்க வேண்டும். அப்படியொரு சிலிண்டரை யாராலும் செய்து கொடுக்க முடியவில்லை. 1769இல் காப்புரிமை கிடைத்த பிறகும் வருசக்கணக்காக அவருடைய எஞ்சின் நீராவியைக் கசியவிட்டபடி கிடந்தது.

அந்தக் காலத்தில் பெரிய சிலிண்டரைத் துளைக்க, ஜோன் ஸ்மீட்டன் ஸ்கொட்லாந்தின் கரன் இரும்பாலைக்கு ஓர் இயந்திரம் வடிவமைத்திருந்தார். நீண்ட தண்டின் நுனியில் வெட்டும் தலை இருக்கும். அதன் பாரத்தைத் தாங்கச் சிறு சக்கர வண்டி ஒன்று சிலிண்டருக்குள்ளேயே ஓடும். வார்ப்பில் கோணல் இருந்தால் வண்டியும் கோணலாக ஓடும், வெட்டும் கோணலாகும். எங்கள் மெசின் நானா சொன்ன அதே குறைதான்.

வழி கண்டவர் ஜோன் வில்கின்சன். பீரங்கிகளைத் திருத்தமாகத் துளைப்பதற்கு 1774இல் காப்புரிமை பெற்ற இரும்பு முதலாளி அவர். வாட்டின் சிலிண்டருக்காக வேறு ஓர் இயந்திரம் செய்தார். தடித்த இரும்புத் தண்டு ஒன்றைச் சிலிண்டரின் ஒரு பக்கத்தால் நுழைத்து மறுபக்கத்தால் எடுத்து, இரண்டு முனைகளையும் வெளியே உறுதியாகத் தாங்க வைத்தார். வெட்டும் தலை அந்தத் தண்டின் வழியே நகர்ந்தது. அது பழைய ஓட்டையை நம்பி ஓடவில்லை, தன் நேர்கோட்டில் போனது.

1775இல் முதல் சிலிண்டர் வந்தது. 1776 மார்ச்சில் டிப்டனுக்கு அருகே புளூம்ஃபீல்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 50 அங்குலச் சிலிண்டரோடு வாட்டின் எஞ்சின் ஓடியது. அந்தச் சிலிண்டரில் இருந்த பிழை பழைய ஷில்லிங் காசொன்றின் தடிப்பளவுகூட இல்லை என்று வாட்டின் பங்காளி போல்டன் வியந்து எழுதினார். வாட்டின் மூளையைப் பற்றி பாடப்புத்தகத்தில் படிப்பிக்கிறோம். வில்கின்சனின் தண்டைப் பற்றி ஒரு வரிகூட நான் வகுப்பில் சொன்னதில்லை.

இனி எங்கள் புளொக்குக்கு வருவோம். 1098 சிசி மொரிஸ் மைனரின் சிலிண்டர் விட்டம் 64.58 மில்லிமீற்றர். மேல் ரிங் போய்த் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். நானா முதலில் புளொக்கின் மேல்முகத்தைச் சுத்தமாகத் துடைத்தார். மெசின் அதன்மேல்தான் உட்காரும், ஒரு தூசி கிடந்தாலும் துளை கிராங்குக்குச் சரிந்துவிடும் என்றார். தேயாமல் இருக்கும் அடிப்பகுதியை வைத்துச் சென்டர் பிடித்தார். புதுப் பிஸ்டனைக் கையில் எடுத்து அளந்தார். அதன் பிறகே வெட்டத் தொடங்கினார். கடைசி ஒன்றிரண்டு "தௌ"வை ஹோன் அடிக்க விட்டுவைத்தார். ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியே கிட்டத்தட்ட மூன்று தௌ வரும். ஹோன் கல் குறுக்கும் நெடுக்குமாகப் போடும் கோடுகளில்தான் ஒயில் தங்கும். முடிவில் சவர்க்காரமும் சுடுநீரும் ஊற்றி, வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டாத வரைக்கும் கழுவினார். கல்லின் தூள் உள்ளே கிடந்தால் புது ரிங்கைத் தின்றுவிடுமாம்.

ஒரு புளொக்கை நினைத்தபடியெல்லாம் வெட்டவும் முடியாது. ஓவர்சைஸ் பிஸ்டன் 20 தௌ, 40 தௌ என்று அளவளவாகத்தான் வரும். அதற்கு மேல் போனால் ஸ்லீவ் இறக்க வேண்டும். அவசரப்பட்டுக் கூட வெட்டினால் ஒரு பழைய எஞ்சினின் ஆயுளில் பல வருசம் போய்விடும்.

எங்கள் நாட்டுக்கு இது பொழுதுபோக்கு வேலை இல்லை. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கமாக இருந்தபோது, பெட்ஃபோர்ட் லொறியையும் ஃபெர்குசன் உழவு இயந்திரத்தையும் ஓட வைத்தது இந்தக் கைகள்தான். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு மறுபடியும் அதே கைகளைத் தேடிப் போனோம்.

அந்த நானாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பழகுவதற்குப் பக்கத்தில் ஒரு பொடியனும் இல்லை. "வாறவனெல்லாம் ஒரு மாசம் நிண்டுட்டு வெளிநாட்டுக்குப் போறான் சேர்" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. கணக்கு வராத பிள்ளையிடம் "படிக்காட்டி கராஜுக்குத்தான் போவாய்" என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்தக் கராஜில் தௌக் கணக்கில் அளக்கிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த விடுமுறையில் பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகள் சிலரை அவரிடம் கூட்டிப்போக நினைத்திருக்கிறேன். அவரும் சம்மதித்துவிட்டார். பிள்ளைகளை அனுப்ப விரும்பும் பெற்றோர் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.

மொரிஸ் மைனர் இப்போது புகை அடிப்பதில்லை, அல்ஹம்துலில்லாஹ். முதல் 500 மைல் மெதுவாக ஓட்டச் சொல்லியிருக்கிறார். ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

வஸ்ஸலாம்.