சக்கரம் சுழற்றி எழுப்பிய வானொலி அலை

வானொலி அலை உண்டாக வால்வாவது டிரான்சிஸ்டராவது வேண்டும் என்றே மாணவர் பலரும் எண்ணுகின்றனர். இவை எதுவுமின்றி, எஃகுச் சக்கரம் ஒன்றைச் சுழற்றியே அலை எழுப்பும் நிலையம் சுவீடன் நாட்டின் கிரிமெட்டான் சிற்றூரில் உள்ளது.

நம் வீட்டு மின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். மின்னாக்கியை இன்னும் விரைவாகச் சுழற்றினால் வானொலி அதிர்வெண்ணையே எட்டிவிடலாமே! எட்டலாம், ஆனால் அந்த வேகத்தில் சுழலும் கம்பிச்சுருள் பிய்ந்து சிதறிவிடும். சுவீடனில் பிறந்து, அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் பணியாற்றிய எர்ன்ஸ்ட் அலெக்சாண்டர்சன் சுருள்களையெல்லாம் அசையாத பகுதியில் பொருத்தினார். சுழல்வது 1.6 மீட்டர் விட்டமுள்ள எஃகுத் தட்டு மட்டுமே. அதன் விளிம்பில் 488 பிளவுகள். அவற்றில் காந்தம் ஈர்க்காத பொருள். எஃகுப் பல் சுருளைக் கடக்கும்போது காந்தப்பாயம் கூடும். பிளவு கடக்கும்போது குறையும். தட்டு நிமிடத்துக்குச் சுமார் 2,115 முறை சுற்றுகிறது. 488ஆல் பெருக்கி 60ஆல் வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 17,200 ஹெர்ட்ஸ்! விளிம்பின் வேகமோ நொடிக்கு 177 மீட்டர்.

முதல் உலகப் போரில் கடலடித் தந்திக் கம்பிகள் துண்டிக்கப்பட்டதைக் கண்ட சுவீடன், பிறர் கையை எதிர்பாராத தொடர்பை விரும்பியது. 1924 டிசம்பரில் அமெரிக்காவுக்குத் தந்திச் செய்திகள் இங்கிருந்து செல்லத் தொடங்கின. அலைநீளம் 17 கிலோமீட்டருக்கும் மேல். அதனால் 127 மீட்டர் உயரக் கோபுரங்கள் ஆறு, 2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆன்டெனாவைத் தாங்கி நிற்கின்றன.

விரைவிலேயே வால்வும் சிற்றலையும் வென்றன. பிற நாடுகளில் இருந்த இத்தகைய இயந்திரங்கள் பழைய இரும்பாயின. கிரிமெட்டானிலேயே இருந்த இரண்டில் ஒன்று உடைக்கப்பட்டது. மற்றது தப்பியது பழமைப் பற்றினால் அன்று. நெட்டலை கடல்நீருக்குள் ஓரளவு ஊடுருவும். நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்ப அது தேவைப்பட்டது!

2004இல் யுனெஸ்கோ இந்நிலையத்தை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஓட்டினால் தேயும் இயந்திரத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்திவைக்கலாமே என்று கேட்கலாம். எனக்கு அது உடன்பாடில்லை. மோட்டாரை எந்த வரிசையில் முடுக்குவது, தாங்கிகளுக்கு எண்ணெய் சரியாகப் பாய்கிறதா, சாவியை அழுத்தும்போது வேகம் தளராமல் எப்படிக் காப்பது என்பவை வரைபடத்தில் முழுதும் அடங்குவதில்லை; ஓட்டுபவரிடமிருந்து ஓட்டுபவருக்கே செல்கின்றன.

இயந்திரம் இடம் கொடுத்தால், ஜூலை 2ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையன்று ஆர்வலர்கள் அதைச் சுழற்றி மோர்ஸ் குறியில் வாழ்த்துச் செய்தி அனுப்புகிறார்கள். 17,200 ஹெர்ட்ஸ் என்பது கணிப்பொறியின் ஒலி அட்டைக்கு எட்டும் அதிர்வெண்தான். ஆகவே ஐரோப்பாவில் பலர், கம்பிச்சுருள் ஒன்றைக் கணிப்பொறியில் இணைத்தே அதைப் பிடித்துவிடுகிறார்கள்.